‘கேட்ச்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்காக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும், ஹோட்டல், துறைமுகம், தொண்டு நிறுவனம் என்று வேலையின் பொருட்டு ஆங்கிலம் பழகும் பெரியவர்களும் ‘கேட்ச்’ என்ற ஒரு வினைச்சொல்லில் வந்து இடறுவதை அடிக்கடி காண முடிகிறது. ‘பிடி’ என்று பொருள் எழுதிப் பாடமாக்கிவிட்டால் பாதி இடங்களில் அது சரிவரும். மற்றப் பாதியில் காலை வாரிவிடும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அதன் பொருள்கள் ஏன் இப்படிக் கிளைத்தன என்பதும் விளங்கும் என்பதால், வழக்கையும் வரலாற்றையும் பிரிக்காமல் விடை எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். இந்த வினையின் இறந்தகால வடிவம் ‘கோட்’ என்று காட்டப்பட்டுள்ளது.

‘கேட்ச்’ என்பதன் அடிப்படைப் பொருள் என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அல்லது கைநழுவிப் போய்விடக்கூடிய ஒன்றை, அது தப்புவதற்கு முன் வசப்படுத்துவதே அதன் அடிப்படைப் பொருள். மேலே எழும்பிய பந்து, கடலில் திரியும் மீன், ஓடும் கள்வன், புறப்படப்போகும் பஸ், ஒருமுறை சொல்லி முடிந்துவிடும் பேச்சு ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரே வினை பொருந்துவது, அவை எல்லாமே தப்பிவிடக்கூடியவை என்பதனால்தான். மேசைமேல் கிடக்கும் புத்தகத்தை ‘கேட்ச்’ செய்ய இயலாது. அது மேசையிலிருந்து விழும்போது மட்டுமே இயலும்.

பொருளைச் சோதித்துப் பார்க்க எளிய வழி, எதிர்ச்சொல்லைத் தேடுவது. பந்துக்கு எதிர்ச்சொல் ‘ட்ரொப்’, பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் ‘மிஸ்’, மீனுக்கும் கள்வனுக்கும் ‘எஸ்கேப்’. மூன்றும் தவறவிடுதல் அல்லது தப்பிப்போதல் என்ற ஒரே வட்டத்துக்குள் நிற்கின்றன. நீங்கள் எழுதிய வசனத்துக்கு இப்படியொரு எதிர்ச்சொல் கிடைக்கவில்லையென்றால், அங்கே ‘கேட்ச்’ பொருந்துமா என்று மறுபடி யோசிப்பது நல்லது.

அப்படியானால் ‘ஹோல்ட்’ என்பதிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? இரண்டுக்கும் தமிழில் ‘பிடி’ என்றுதானே சொல்கிறோம்?

நம்மவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பெரும்பான்மையானவை இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன. தமிழில் ‘பிடி’ என்பது கைக்குள் கொண்டுவரும் கணத்தையும் குறிக்கும், கொண்டுவந்த பின் விடாமல் வைத்திருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து, முதலாவதற்கு ‘கேட்ச்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஹோல்ட்’ என்றும் வைத்திருக்கிறது.

சல்லியிலோ நிலாவெளியிலோ காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கரையில் இரண்டு வரிசையாக நிற்பவர்கள் இரு பக்கத்துக் கயிறுகளையும் பிடித்தபடி பின்னால் காலெடுத்து வைத்து மெல்ல மெல்ல இழுக்கிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவர் ஈரக் கயிற்றை மணலில் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீரோரத்தில் மறுபடி கயிற்றைப் பிடிக்கிறார். நெடுநேரத்துக்குப் பின் வலையின் மடி கரையேறும்போது உள்ளே மீன் துள்ளுகிறது. இந்தக் காட்சியில் கயிற்றைப் பிடித்திருப்பது ‘ஹோல்ட்’. மீனைப் பிடிப்பது ‘கேட்ச்’. கயிறு எங்கும் ஓடப்போவதில்லை, மீன் ஓடிவிடும். ‘கேட்ச் த ரோப்’ என்று சொன்னால், ‘நான் கயிற்றை எறிகிறேன், எட்டிப் பிடி’ என்றுதான் ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வார். படகிலிருந்து இறங்குதுறைக்குக் கயிறெறியும்போது அந்த வசனம் முற்றிலும் சரியானது. ஏணியில் ஏறியவர் கீழே நிற்பவரிடம் ‘ஏணியைப் பிடித்துக்கொள்’ என்று சொல்லும்போது ‘ஹோல்ட்’ என்பதே சரி.

இன்னுமொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதில் வரும் ‘பிடி’க்கும் ‘கேட்ச்’சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அங்கே ‘லைக்’ என்பதே வரும்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சிலிருந்து. 1066இல் நோர்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், ஆட்சி, நீதிமன்றம், வேட்டை, விருந்து ஆகிய துறைகளில் நோர்மானியரின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் திரளாகப் புகுந்தன. அவர்கள் பேசிய வட பிரெஞ்சு வழக்கில் ‘கச்சியே’ என்ற ஒலியை ஒத்த ஒரு வினை இருந்தது. விலங்கைத் துரத்துதல், வேட்டையாடுதல், வேட்டையில் அகப்படுத்துதல் ஆகியவை அதன் பொருள்கள். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஆங்கில நூல்களில் அது ஆங்கில வினையாகவே காணப்படுகிறது. அந்தப் பிரெஞ்சு வினைக்கும் மூலம் இலத்தீன்: ‘எடு, பற்று’ எனப் பொருள்படும் ‘கபேரே’ என்ற வினையிலிருந்து, ‘பற்ற முயன்றுகொண்டே இரு’ என்ற பொருளில் ‘கப்டாரே’ பிறந்தது, அது பேச்சு இலத்தீனில் திரிந்து பிரெஞ்சுக்கு வந்தது.

சுவையான செய்தி இனித்தான் வருகிறது. பாரிஸைச் சூழ்ந்த நடு பிரெஞ்சு வழக்கில், இலத்தீனில் சொல் முதலில் நின்ற ககரம் சகரச் சாயல் பெற்றது. நோர்மண்டி உள்ளிட்ட வடக்கில் அது ககரமாகவே நின்றது. ஆகவே ஒரே இலத்தீன் சொல் வடக்கில் ஒரு வடிவமும் நடுநாட்டில் இன்னொரு வடிவமும் எடுத்தது. நோர்மானியர் வழியாக முதலில் ‘கேட்ச்’ வந்தது. பின்னர் பாரிஸ் வழக்கின் செல்வாக்கு ஓங்கியபோது அதே சொல் ‘சேஸ்’ என்ற வடிவில் இரண்டாம் முறையும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’, அசையும் சொத்தைக் குறிக்கும் ‘சாட்டல்’ என்னும் இரண்டும் இவ்வாறே பிரிந்த இரட்டைகள்.

தொடக்கத்தில் ‘கேட்ச்’ என்பதற்குத் துரத்துதல், பிடித்தல் ஆகிய இரு பொருள்களும் இருந்தன. ‘சேஸ்’ வந்து துரத்தும் வேலையை எடுத்துக்கொண்டபின், துரத்தலின் முடிவாகிய பிடித்தல் மட்டும் ‘கேட்ச்’சிடம் எஞ்சியது. எனினும் பழைய வேட்டையின் வாடை அதைவிட்டு முழுவதும் போகவில்லை என்பதே என் எண்ணம். தப்பக்கூடியதையே ‘கேட்ச்’ செய்ய முடியும் என்று முன்னே சொன்ன விதிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஆங்கிலச் சொற்கள் எவை?

‘கபேரே’யின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். கைப்பற்றுதலைக் குறிக்கும் ‘கப்ச்சர்’, சிறைப்பட்டவரைக் குறிக்கும் ‘கப்டிவ்’, ஏற்றுக்கொள்ளுதலாகிய ‘அக்செப்ட்’, பெறுதலாகிய ‘ரிசீவ்’, உணர்தலாகிய ‘பெர்சீவ்’, ஏமாற்றுதலாகிய ‘டிசீவ்’, கருத்தைக் குறிக்கும் ‘கொன்செப்ட்’ ஆகிய அனைத்தும் அந்த வேரிலிருந்தே வந்தவை. வாங்குதலைக் குறிக்கும் ‘பர்ச்சேஸ்’ இன்னும் வியப்பானது: அதன் பின்பாதி நாம் மேலே கண்ட ‘சேஸ்’ தான். ஒன்றைத் தேடித் துரத்திச் சென்று அடைதல் என்ற பொருளில் பிரெஞ்சில் தொடங்கி, காசு கொடுத்து வாங்குதல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்து நின்றது.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. பணத்தைக் குறிக்கும் ‘காஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் குடும்பமே. ‘கபேரே’யிலிருந்து பிறந்த, பெட்டி எனப் பொருள்படும் ‘கப்சா’ என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாகப் பணப்பெட்டியைக் குறித்து, பின்னர் பெட்டிக்குள் இருக்கும் பணத்தையே குறிக்கலாயிற்று. ஆனால் கிழக்கு நாடுகளின் சிறு நாணயங்களைக் குறிக்கப் பழைய ஆங்கில நூல்களில் வரும் ‘காஷ்’ வேறு; அது நம்முடைய ‘காசு’ போர்த்துக்கேயர் வாய்வழியாகச் சென்றது. எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்ட இரு வேறு சொற்கள் அவை.

‘கப்டிவ்’, ‘கப்டன்’ இரண்டும் ஒரே வேரா?

இல்லை. ‘கப்டன்’ என்பது தலை எனப் பொருள்படும் ‘கபுட்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தலைவன் என்பதே அதன் பொருள். ‘கப்டிவ்’ என்பதுதான் ‘கபேரே’யின் வழி வந்தது.

இவ்விரண்டு சொற்களும் நம் மாவட்டத்திலேயே ஒருமுறை சந்தித்திருக்கின்றன. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையிலிருந்த ‘ஆன்’ என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கருகே புயலில் பாய்மரம் இழந்து, பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் கப்டனும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டுக் ‘கப்டிவ்’ ஆனார்கள். தந்தை 1661இல் காவலிலேயே இறந்தார்; மகன் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்திலிருந்த ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். கண்டி இராச்சியத்தில் தாம் கண்டவற்றை அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. மூதூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் ‘கப்டன்’, ‘கப்டிவ்’ குழப்பம் பிறகு எழுவதில்லை.

‘ஹாவ்’ என்பதும் ‘கேட்ச்’சின் உறவு என்கிறார்களே, ஒலியில் ஒற்றுமையே இல்லையே?

உறவு உண்டு, ஆனால் மிகத் தூரத்து உறவு. இலத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான மூதாதை மொழியில் பற்றுதலைக் குறித்த ‘கப்’ என்ற வேர், இலத்தீனில் ககரத்தோடே நின்றது. ஆங்கிலம் சேர்ந்த ஜேர்மானியக் கிளையில் அந்தக் ககரம் ஹகரமாக மாறியது. யாக்கோப் கிரிம் 1822இல் விரித்துரைத்த ஒலிமாற்ற விதிகளில் இதுவும் ஒன்று. அந்த வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு நேரடியாக இறங்கிய பிள்ளைகளே ‘ஹாவ்’ என்பதும், பாரமானதைத் தூக்குதலைக் குறிக்கும் ‘ஹீவ்’ என்பதும். ஆக, ‘ஐ ஹாவ் கோட் எ ஃபிஷ்’ என்ற வசனத்தில் ஒரே வேர் இருமுறை வருகிறது: வீட்டோடு இருந்த பிள்ளையாக ஒருமுறை, இலத்தீன் நாட்டுக்கும் பிரெஞ்சு நாட்டுக்கும் போய்த் திரும்பி வந்த பிள்ளையாக இன்னொருமுறை. ‘ஹாவ்’ போலவே ஒலித்து அதே பொருளும் தருகின்ற ‘ஹபேரே’ என்ற இலத்தீன் வினையோ அதற்கு உறவே அல்ல.

‘கவ்வு’, ‘கைப்பற்று’ போன்ற தமிழ்ச் சொற்களிலிருந்து ‘கேட்ச்’ பிறந்தது என்று பகிரப்படுவது உண்மையா?

உண்மை அல்ல. இரண்டு சொற்களின் முதலெழுத்து ஒத்துப்போவதும் பொருள் அருகருகே இருப்பதும் உறவுக்குச் சான்றாகா. சற்று முன் கண்ட ‘ஹாவ்’, ‘ஹபேரே’ இணையே அதற்கு உதாரணம். ஒரு சொல் வந்த பாதையைக் காலவரிசையாக ஆவணங்களில் காட்ட வேண்டும், அல்லது பல சொற்களில் ஒரே விதமாக நிகழ்ந்த ஒலிமாற்றத்தைக் காட்ட வேண்டும். ‘கேட்ச்’சுக்கு இலத்தீன், பிரெஞ்சுப் பாதை தெளிவாக இருக்கிறது.

தமிழின் பெருமைக்கு இட்டுக்கட்டிய உறவுகள் தேவையும் இல்லை. ‘கட்டமரான்’ நம் கட்டுமரம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. ‘செரூட்’ நம் சுருட்டு. ‘முல்லிகடோனி’ நம் மிளகுத்தண்ணீர். கட்டமரானின் முதலெழுத்துகளுக்கும் ‘கேட்ச்’சின் முதலெழுத்துகளுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மீன்பிடியில் இரண்டும் சேர்ந்து வருவதால் சிலருக்கு அந்த மயக்கமும் உண்டு.

இறந்தகாலம் ஏன் ‘கேட்ச்ட்’ என்று வராமல் ‘கோட்’ என்று வருகிறது?

‘மேட்ச்’, ‘வொட்ச்’ போன்ற வினைகள் ஒழுங்காக நடக்கும்போது ‘கேட்ச்’ மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது நியாயமான கேள்வி. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் ஒழுங்கான இறந்தகாலமே பெறும் என்பதால் இது இன்னும் விசித்திரமானது.

விடை, இந்தச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்பதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பிடித்தலைக் குறிக்க முக்கியமாக இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றின் எச்சம் இன்று ‘ஃபாங்’ என்ற பெயர்ச்சொல்லில் இருக்கிறது. முதலில் பிடிபட்ட பொருளைக் குறித்த அது, பின்னர் பிடிக்கும் கோரைப்பல்லைக் குறிக்கலாயிற்று. மற்றதே ‘லாட்ச்’. இன்று கதவின் தாழ்ப்பாளைக் குறிக்கும் அச்சொல் அன்று ‘பற்று, பிடி’ என்ற வினையாக இருந்தது. அதன் இறந்தகாலம் ‘லோட்’ என்பதை ஒத்த ஒரு வடிவம். புதிதாக வந்த ‘கேட்ச்’ பொருளிலும் ஓசையிலும் ‘லாட்ச்’சை ஒத்திருந்ததால், மக்கள் அதன் இறந்தகாலத்தையும் அதே வாய்பாட்டில் அமைத்துவிட்டார்கள். பிறகு ‘லாட்ச்’ அந்த வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கதவோடு ஒதுங்கிக்கொண்டது. அது கொடுத்த இறந்தகாலம் மட்டும் ‘கேட்ச்’சிடம் நிலைத்தது.

‘கேட்ச்ட்’ என்ற ஒழுங்கான வடிவமும் பல நூற்றாண்டுகள் எழுத்தில் வழங்கியது என்பது, அப்படி எழுதிச் சிவப்பு மை வாங்கிய பிள்ளைகளுக்குச் சிறிது ஆறுதலாக இருக்கலாம். இன்று அது பிழையே.

‘கோட்’ என்பதில் எழுதப்படும் ஜி, எச் எழுத்துகளை உச்சரிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒருகாலத்தில் அவை தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலியைக் குறித்தன; ஒலி மறைந்து எழுத்து தங்கிவிட்டது. நாம் பெரும்பாலும் பின்பற்றும் பிரித்தானிய உச்சரிப்பில் இச்சொல்லும் நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘கோட்’டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், வசனத்தைக் கொண்டே பிரித்தறிய வேண்டும்.

சளி, தீ, மழை: ஆங்கிலத்தில் யார் யாரைப் பிடிக்கிறார்கள்?

தமிழும் ஆங்கிலமும் வியக்கத்தக்க அளவு நெருங்கி வந்து, கடைசி அடியில் எதிரெதிராகத் திரும்பும் இடம் இது. தமிழில் ‘எனக்குச் சளி பிடித்துவிட்டது’ என்கிறோம். இங்கே பிடிப்பது சளி, அகப்படுவது நான். பேய் பிடிப்பதும் சனி பிடிப்பதும் அப்படியே. ஆங்கிலத்திலோ மனிதன்தான் எழுவாய்: ‘ஐ கோட் எ கோல்ட்’. ஏதோ சளியைத் தேடிப்போய்ப் பிடித்துவந்ததுபோல் நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. ‘கோல்ட் கோட் மீ’ என்று எழுதுவது தமிழை அப்படியே பெயர்த்து வைப்பதாகும்.

16ஆம் நூற்றாண்டு முதலே தொற்றுநோய்களுக்கு இவ்வினை வழங்குகிறது. தொற்றுநோய்க்கு மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். தடிமன், தட்டம்மை, காய்ச்சல் ஆகியவற்றை ‘கேட்ச்’ செய்யலாம். நீரிழிவையும் புற்றுநோயையும் செய்ய முடியாது, அவற்றுக்கு ‘கெட்’, ‘ஹாவ்’, ‘டிவெலப்’ போன்றவையே வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஓடித் தாவுவதையே ‘கேட்ச்’ குறிக்கிறது என்பதால், ஓடுவதைப் பிடித்தல் என்ற பழைய பொருள் இங்கும் மறைவாக இருப்பதைக் காணலாம். தொற்றக்கூடியது என்பதற்கு ‘கேட்ச்சிங்’ என்ற பெயரடையும் உண்டு.

தீயின் விடயத்தில் வீடோ கூரையோ எழுவாயாக நின்று ‘கோட் ஃபயர்’ என வரும். ‘வீடு தீப்பிடித்தது’ என்று தமிழிலும் சொல்வதால் இங்கே சிக்கல் இல்லை. ‘ஃபயர்’ என்பதற்கு முன் ‘எ’ போடக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மழை வந்தால் நிலைமை மறுபடி மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் ‘வழியில் மழை பிடித்துக்கொண்டது’ என்பது நம் ஊரில் அன்றாட வாசகம். ஆங்கிலத்தில் இதற்குச் செயப்பாட்டு வினை வேண்டும்: ‘வீ வேர் கோட் இன் த ரெய்ன்’. அதாவது, மழையில் அகப்பட்டோம். சளிக்கு மனிதன் பிடிப்பவன். மழைக்கு மனிதன் பிடிபடுபவன். இந்த ஓர் இணையை நன்றாகப் பழகிக்கொண்டவர்கள் மற்றவற்றில் அதிகம் தடுமாறுவதில்லை.

‘கேட்ச் த பஸ்’, ‘டேக் த பஸ்’: இரண்டும் ஒன்றா?

பல இடங்களில் ஒன்றை மற்றதற்குப் பதிலாகச் சொல்லலாம். ஆனால் அழுத்தம் வேறு. ‘டேக்’ என்றால் பயணத்துக்கு எந்த வாகனத்தைத் தெரிவு செய்தீர்கள் என்பது. ‘கேட்ச்’ என்றால் அது புறப்படுவதற்கு முன் போய்ச் சேர்ந்தீர்களா என்பது. கொழும்புக்குப் புகையிரதத்தில் போவது வழக்கம் என்று சொல்ல ‘டேக்’ நன்று. இரவுப் புகையிரதத்தைப் பிடிக்க வேண்டும், ஆகவே இப்போதே கிளம்புகிறேன் என்று சொல்ல ‘கேட்ச்’தான் உயிருள்ள சொல். முச்சக்கர வண்டிக்கு ‘கேட்ச்’ அவ்வளவு பொருந்தாது, ஏனென்றால் அது நேர அட்டவணைப்படி நம்மை விட்டுவிட்டுப் போவதில்லை.

கிரிக்கெட்டில் ‘கேட்ச்’ எப்போது முழுமையாகிறது?

மேலே சொன்ன ‘கணம்’ எவ்வளவு நீளமானது என்பதைக் கிரிக்கெட் விதிகள் வரையறுத்தே வைத்திருக்கின்றன என்பதால் இந்தக் கேள்வி மொழிக்கும் பயன்படும். 2017ஆம் ஆண்டின் விதித்தொகுப்பில் இதற்கான விதி 33. பந்து களத்தடுப்பாளரின் உடலில் முதலில் படும்போது பிடி தொடங்குகிறது. பந்தின் மீதும் தம் சொந்த அசைவின் மீதும் அவர் முழுக் கட்டுப்பாட்டைப் பெறும்போது அது முடிகிறது. கைக்குள் வந்தால் மட்டும் போதாது.

1999 உலகக் கிண்ணத்தில் ஹெடிங்லியில் நடந்த போட்டியில் தென்னாபிரிக்காவின் ஹேர்ஷல் கிப்ஸ், அவுஸ்திரேலியத் தலைவர் ஸ்டீவ் வோ அடித்த பந்தைக் கைக்குள் வாங்கிவிட்டு, மகிழ்ச்சியில் மேலே எறியப்போய் நழுவவிட்டார். அப்போது 56 ஓட்டங்களோடு நின்ற வோ, 120 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் போட்டியை வென்று கொடுத்தார். அங்கே நடந்தது ‘ட்ரொப்’ என்றே பதிவாயிற்று. நம் பத்திரிகைகள் எழுதும் ‘பிடிகொடுத்து ஆட்டமிழந்தார்’ என்ற தொடரில் துடுப்பாட்டக்காரர் எழுவாய். ஆங்கிலப் புள்ளிப் பட்டியலிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில்தான் ‘கோட்’ என்பதன் முதலெழுத்து வரும்.

‘ஐ டிடின்ட் கேட்ச் தட்’ என்றால் விளங்கவில்லை என்று பொருளா?

சரியாகக் காதில் விழவில்லை என்று பொருள். தமிழில் ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்றால் விளங்கவில்லை என்றாகும். ஆகவே இங்கே சறுக்குவது எளிது. தொலைபேசியில் ஒருவர் தம் பெயரைச் சொல்லி அது தெளிவாகக் கேட்காதபோது ‘ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்’ என்பது மிகவும் மரியாதையான வாசகம், ‘வட்?’ என்று கேட்பதைவிட எவ்வளவோ மேல், ஹோட்டல் வரவேற்பறையில் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியதும் இதுவே. காதில் விழுந்தும் பொருள் புரியாவிட்டால் ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்பதைப் பயன்படுத்துங்கள். பார்வைக்கும் இவ்வினை வரும்: ஒரு கணம் கண்ணில் பட்டதைச் சொல்ல ‘கேட்ச் எ கிளிம்ப்ஸ்’, பரிமாறுபவரின் கவனத்தை ஈர்ப்பதைச் சொல்ல ‘கேட்ச் ஹிஸ் ஐ’.

ஒருவர் ஒன்றைச் செய்யும்போது அகப்பட்டார் என்பதை எப்படி எழுதுவது?

‘கேட்ச்’சுக்குப் பின் ஆளும், அதற்குப் பின் ‘இங்’ ஈற்று வினையும் வரவேண்டும்: ‘தே கோட் ஹிம் ஸ்டீலிங்’. ‘டு ஸ்டீல்’ என்று எழுதினால் பிழை. நாம் ‘கையும் களவுமாக’ என்பதை ஆங்கிலேயர் ‘ரெட் ஹாண்டட்’, அதாவது கையில் இரத்தக் கறையோடு, என்பார்கள். ஸ்கொட்லாந்தின் பழைய சட்டமொழியிலிருந்து வந்த தொடர் அது. இந்த ‘கோட்’டுக்குத் தமிழில் அகப்படு, பிடிபடு, மாட்டிக்கொள் என்று பல சொற்கள் உண்டு, நம் பக்கத்துப் பேச்சில் ‘அம்பிட்டான்’ என்றால் கதை முடிந்தது.

‘கேட்ச் அப்’, ‘கேட்ச் ஒன்’, ‘கேட்ச் அவுட்’?

முன்னால் போனவரை எட்டிப்பிடித்தல் ‘கேட்ச் அப்’. ஆளைக் குறிப்பிட்டால் அதன்பின் ‘வித்’ வரும், விட்டுப்போன பாடத்தையோ தூக்கத்தையோ ஈடுசெய்வதானால் ‘ஒன்’ வரும். ஒரு பாணி மக்களிடையே பரவுதலும், ஒருவருக்கு விடயம் மெல்லப் புரிதலும் ‘கேட்ச் ஒன்’. குறுக்குக் கேள்வி கேட்டு ஒருவரின் பொய்யை வெளிப்படுத்துதல் ‘கேட்ச் அவுட்’.

பெயர்ச்சொல்லாக வரும்போது என்ன பொருள்?

மீனவர் வாயில் அது மீன்பாடு. ‘இன்றைக்கு மீன்பாடு எப்படி?’ என்று சம்மாட்டியிடம் கேட்பதை ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ என்ற ஒரே சொல்லால் கேட்கலாம். கதவையோ நகையையோ பூட்டிவைக்கும் கொளுவியும் அதுவே. மலிவு விலை விளம்பரத்தைக் கண்டு ‘வட்ஸ் த கேட்ச்?’ என்று கேட்டால், இதில் மறைந்திருக்கும் பொறி என்ன என்று கேட்பதாகும். பொறி என்பது விலங்கு பிடிப்பதற்கு வைப்பதுதானே. வேட்டை இங்கும் நம்மை விடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளியேற முடியாத விதிச்சிக்கலைக் குறித்துப் பத்திரிகைகளில் வரும் ‘கேட்ச் 22’ என்ற தொடர், ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட நாவலின் தலைப்பிலிருந்து பொதுவழக்குக்கு வந்தது.

‘கேட்ச்மென்ட்’ என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். புவியியல் பாடத்தில் நாம் நீரேந்து பிரதேசம் என்று படிப்பது அதுதான்: விழும் மழை ஓடிப்போகாமல் ஒரு குளத்துக்கோ ஆற்றுக்கோ வந்து சேரும் நிலப்பரப்பு. கந்தளாய்க் குளத்துக்கும் ஒரு நீரேந்து பிரதேசம் உண்டு. மத்திய மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியின் நீரேந்து பிரதேசமோ ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர் பரந்தது. ஏந்துதல் என்ற தமிழ் வினை, விழுவதைக் கீழே விடாமல் வாங்கிக்கொள்வதைச் சொல்கிறது. ‘கேட்ச்’சுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்த கலைச்சொல் வேறொன்று கிடையாது என்றே நினைக்கிறேன்.

கணினி நிரலாக்கத்தில் வரும் ‘கேட்ச்’சும் இதுதானா?

ஆம். ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் இயங்கும்போது எழும் வழுவை நிரல் ‘எறிகிறது’. அதைக் கீழே விழவிடாமல் வாங்கி என்ன செய்வது என்று தீர்மானிக்கும் பகுதி ‘கேட்ச்’. யாரும் வாங்காவிட்டால் நிரல் நின்றுவிடும்.

‘கேட்ச் யூ லேட்டர்’ என்று அதிபரிடம் சொல்லலாமா?

வேண்டாம். ‘பிறகு சந்திப்போம்’ என்ற பொருளில் நண்பர்களுக்கிடையே அது நல்ல வழக்கு. அதிபரிடமும் நேர்முகத் தேர்வுக் குழுவிடமும் ‘தேங்க் யூ, சேர்’, ‘தேங்க் யூ, மடம்’ என்று சொல்லிவிட்டு வருவதே பொருத்தம்.